சுருட்டக் கூடாத படம்

கரண்ட் போனதும் அச்சு மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முதலில் பக்கத்துக் கட்டடம், பிறகு எதிர்வரிசை, பிறகு தூரத்தில் ரயில் ரோட்டுப் பக்கம். எங்கோ ஒரு மெஷின் மட்டும், தூக்கத்தில் முனகுகிறவன் மாதிரி தடதடத்துவிட்டு நின்றது. சிவகாசியில் இப்படி ஓர் அமைதி எப்போதாவதுதான் கிடைக்கும். மாடியிலிருந்த பேக்கிங் அறையில், நீள மேஜைக்கு முன்னால் சோலையப்பன் நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி விட்ட வேகத்தில் இன்னும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஐப்பசித் தூறல். அந்த ஈரத்தில்தான் காகிதத்துக்கு உயிர் வரும் என்று அவருக்கு எப்போதும் தோன்றும். அலமாரியில் அடுக்கி வைத்த தாள்களின் ஓரங்கள் மெல்ல எழும்பும், மறுபடி படியும், மூச்சு விடுகிற மாதிரி. நூற்றுக்கணக்கான சாமிகள் மூச்சு விடுகிற அறை. அதில் அவர் ஒருவர்தான் மனுஷர். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவரும் அவர் ஒருவர்தான். மேஜைமேல் விரிந்து கிடந்தது, முருகனும் வள்ளியும் இருக்கிற பெரிய படம். தினைப்புனம், பச்சைக் காடு, மயில். வள்ளிக்கு அவருடைய தங்கச்சி செல்லக்கனியின் முகம்.

சாயங்காலம் பார்சல் வண்டி வரும். அதற்குள் இதைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டு, இரண்டு பக்கமும் மூடியை வைத்து ஒட்டிவிட வேண்டும். மேகலா சாப்பிடப் போகும்போது படியில் நின்றபடியே சொல்லிவிட்டுத்தான் போனாள். “அண்ணாச்சி, அந்தத் திருச்சி படத்த இன்னைக்கு அனுப்பி விட்ருங்க. குழாயிலதான் கேட்ருக்காங்க. தட்டையா அனுப்புனா செலவு கூடுதாம், வேண்டாம்ட்டாங்க.” மேகலா அச்சாபீஸ் முதலாளியின் பேத்தி. தாத்தா காலத்தில் அடித்து மிஞ்சிய காலண்டர் படங்களை கோடவுனிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, போனிலேயே காட்டி, போனிலேயே விற்கிறாள். வாங்குகிறவர்கள் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுகிறார்களாம். அதில் கும்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ, வேடிக்கை பார்க்கிறவர்கள் எத்தனை பேரோ. பைண்டிங்கில் உழைத்து ஓய்ந்து உட்கார்ந்திருந்த சோலையப்பனை அவள்தான் கூப்பிட்டு இந்த மேஜையைக் கொடுத்தாள். குழாய் என்றால் வண்டியில் ஒரு மூலையில் நிற்கும். அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்தால் பலகை மாதிரி இடத்தை அடைக்கும். பார்சல்காரன் எடையைப் பார்ப்பதில்லை, அடைக்கிற இடத்தைத்தான் பார்க்கிறான். புதுத் தாள் என்றால் குழாயே போதும், சிங்கப்பூர் போய் இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் இது வார்னிஷ் அடித்த பழைய படம். இத்தனை வருஷம் தட்டையாகவே கிடந்து இறுகிப் போனது. இதைச் சுருட்டினால் வார்னிஷ் வெடிக்கும், வற்றின கண்மாய் மாதிரி. மேகலாவுக்கு அது தெரியாமல் இல்லை. போன மாசம் அப்படித்தான் ஒரு லட்சுமி நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் விரிசலோடு மதுரையிலிருந்து திரும்பி வந்தாள். இன்றைக்கு இருக்கிற அவசரத்தில் இது வார்னிஷ் படம் என்று அவள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். சோலையப்பன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சரி பாப்பா” என்றார். கோடவுனைக் கவிழ்த்துப் போட்டாலும் இந்தப் படத்தில் வேறொன்று கிடையாது. இது ஒன்றுதான். சுருட்டச் சொன்னவள் முதலாளி. கேட்டு வாங்கினவர்கள் அவர்கள். யாரும் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வசதி அவருக்கு வாய்த்ததில்லை.

நேற்று ஆர்டர் சீட்டை அவர் எழுத்துக் கூட்டித்தான் படித்தார். எழி, ல, ர, சி. யாரோ எழிலரசி. அப்புறம் தனுஷ்கோடி. அங்கேயே விரல் நின்றுவிட்டது. பெயர் ஒன்று போல ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விரலைக் கீழே நகர்த்தினால், மேற்பார்வை செல்லக்கனி. திருச்சியில் ஒரு தெரு. இவ்வளவு காலமும் அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாமலே இருந்துவிட்டார். தெரியாமல் இல்லை, கேட்காமல். யாராவது சொல்ல வந்தால் எழுந்து போய்விடுவார். எழுந்து போவதற்கென்றே கல்யாண வீடுகளில் வாசலை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். “அந்தப் பேச்ச எடுத்தா நான் இருக்க மாட்டேன்” என்று அவர் சொன்னதை உறவுக்காரர்கள் எல்லாரும் மதித்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள், அப்புறம் மறந்தே போனார்கள். அவர் மறக்கவில்லை. வன்மத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியும். ஈரம் படக்கூடாது, வெயில் படக்கூடாது, மேலே வேறு எதையும் ஏற்றி வைக்கக் கூடாது. அவ்வப்போது எடுத்து, ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அப்படி வைத்திருந்தால் நிறம்கூட மங்காது. அந்த சலூன் கண்ணாடி இன்றைக்கும் அவருக்கு மங்கவில்லை. முகமெல்லாம் சோப்பு நுரை, கழுத்தில் துண்டு. எதிர்க் கண்ணாடியில் பின்சுவர் தெரிகிறது. பின்சுவரில் அன்றைக்குத்தான் மாட்டிய வருஷப் பிறப்புக் காலண்டர், பைண்டிங்கில் நோட்டுத் தைத்துக்கொண்டு கிடந்த அவர் கண்ணில் அதுவரை படாதது. கண்ணாடிக்குள்ளிருந்து செல்லக்கனி அவரைப் பார்க்கிறாள். கையில் கவண். பக்கத்தில் முருகன். முதலில் அவள்தான் ஏதோ அவசரமாகக் கூப்பிட வந்து வாசலில் நிற்கிறாள் என்று நினைத்தார். “என்னம்மா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். சலூன்காரர் கத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்ன சோலை, காலண்டர்கிட்ட பேசுத? நானும் காலைலருந்து பாக்கேன், இந்த வள்ளிய எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு, எங்கன்னுதான் பிடிபடல.” பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமலே, “பிரஸ் வாசல்ல தூக்குச்சட்டியோட பாத்திருப்பீரு” என்றான். கடையே சிரித்தது. பாதி சிரைத்த முகத்தோடு அவர் தெருவில் நடந்தார். காய்ந்த நுரை கன்னத்தை இழுத்துப் பிடித்த அந்த இறுக்கம் இப்போதும் வலது கன்னத்தில் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போனபிறகு அவளை வளர்த்தது அவர். மதியம் அவருக்குச் சோறு கொண்டுவந்து பிரஸ் வாசலில் நின்றது அவள். வாசல் டீக்கடையில் கிளாசை ஏந்தியபடி நின்றவன், காலண்டருக்குப் படம் போட்டுக் கொடுக்க வந்த தனுஷ்கோடி. விரலில் எந்நேரமும் நீலமோ மஞ்சளோ ஒட்டியிருக்கும். நல்ல ஆள்தான் என்று சோலையப்பனே நினைத்ததுண்டு, பீடி கொடுத்ததுண்டு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான். உன் தங்கச்சி முகத்தை வள்ளிக்குப் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை. போடு என்று சொல்லியிருக்கவும் கூடும், யார் கண்டது. கேட்காமல் எடுத்துக்கொண்டான். முதலில் முகத்தை, தை மாதத்தில் ஆளை. காலண்டர் எங்கெல்லாம் தொங்கியது? டீக்கடையில், சைக்கிள் கடையில், ரேஷன் கடையில். போகிற இடமெல்லாம் அவள் இருந்தாள். சலூனிலிருந்து அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், அதற்குள் அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பிடுங்கிக் கிழிக்கப் போனார். கிழிக்க முடியவில்லை. பக்கத்தில் முருகன். சாமியைக் கிழிக்கிற கை உண்டா? திருப்பி, சுவரைப் பார்க்க மாட்டிவிட்டார். மறுநாள் அடுப்படியிலிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. “ஏண்ணே, நான் தப்பு பண்ணேன் சரி, முருகன் என்ன செஞ்சாரு? அவரையும் முட்டி போட வச்ச மாதிரி சுவத்தப் பாத்து நிக்க வச்சிருக்கியே.” அந்தச் சமயத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது. வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டார். அந்தச் சிரிப்பை மட்டும் விட்டிருந்தால் என்று, எப்போதாவது சோறு விக்கும்போது தோன்றும். தண்ணீர் குடித்தால் போய்விடும்.

தூறல் கொஞ்சம் வலுத்தது. குழாயை எடுத்து உள்ளே ஊதித் தூசி தள்ளினார். சுருட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாமி படத்தைக் குப்புறப் போடக் கூடாது, அது இந்த மேஜையின் சட்டம். முகம் மேலே பார்க்க விரித்து, மேலே மெல்லிய வெண்ணெய்த்தாள் போர்த்தி, இடது ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வர வேண்டும். இடது ஓரம் உள்ளே போகும், அங்கேதான் சுருள் ரொம்ப இறுக்கம். வலது ஓரம் வெளியே தளர்வாக நிற்கும். வெண்ணெய்த்தாளைப் போர்த்தினார். அதன் அடியில் வள்ளி பனிக்குள் நிற்கிற மாதிரி தெரிந்தாள். அதிகாலையில் குடத்தோடு குழாயடிக்குப் போவாளே, அப்போது அடிக்கிற பனி. போர்வைக்குள்ளிருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார், போய்விட்டுத் திரும்பி வருகிறாளா என்று. அந்தப் பனியில் திரும்பி வந்தவள் இந்தப் பனியில் வரமாட்டாள். நாட்டுக்கு எத்தனை முகங்கள் அச்சாகி விட்டன, எத்தனையை அவரே கட்டி அனுப்பியிருக்கிறார், அவற்றில் யார் வீட்டுப் பெண்கள் யாரோ. எல்லா சரஸ்வதிக்கும் எங்கோ ஓர் அண்ணன் இருந்திருப்பான். அவர்களெல்லாம் என்ன செய்தார்கள்? சோறு தின்றார்கள், மச்சானோடு சமாதானமாகி, தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்தப் போனார்கள். காதுகுத்து. அதை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தது மனசு. செல்லக்கனிக்குப் பெண் பிறந்தது, காது குத்து வைத்திருக்கிறார்கள், தாய்மாமன் மடி வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார். மாமன் மடி இல்லாமல் காது குத்த மாட்டார்கள். அப்படியானால் யார் மடியில் உட்கார வைத்தார்கள்? வேறு யாரோ ஒரு ஆண்பிள்ளையை மாமன் என்று சொல்லி உட்கார வைத்திருப்பார்கள். அவன் வேட்டியில் அந்தப் பிள்ளை அழுது மூத்திரம் போயிருக்கும். எவன் அவன்? இத்தனை வருஷமும் முகம் தெரியாத அந்த ஆள்மேலும் அவருக்கு ஒரு கோபம் உண்டு. ஆளே தெரியாமல் ஒருத்தனை வெறுப்பது ரொம்பக் கஷ்டம், பிடிமானமே இருக்காது. அந்தப் பிள்ளைதான் இந்த எழிலரசியா? குத்திய காதில் இப்போது என்ன போட்டிருப்பாள்? மடி என்கிற வார்த்தை நினைவில் வந்ததும் தொடைகள் கனத்தன, எதுவோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. குனிந்து பார்த்தார். மேஜை விளிம்புதான் அழுத்திக்கொண்டிருந்தது. போதும், வண்டி வந்துவிடும். இரண்டு கையாலும் இடது ஓரத்தைத் தூக்கினார். தாள் எதிர்த்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தார். உள்ளேயிருந்து சின்னதாக ஒரு சத்தம், கருவாடு ஒடிகிற மாதிரி. இன்னும் எதுவும் வெடிக்கவில்லை. வெடிக்கப் போகிறேன் என்று சொல்கிற சத்தம். அப்படியே நின்றார். விடவும் இல்லை, சுருட்டவும் இல்லை. வளைந்த தாள் நிமிரப் பார்த்ததில், வெண்ணெய்த்தாளுக்கு அடியில் வள்ளி அழுகிற மாதிரியோ சிரிக்கிற மாதிரியோ அசைந்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. மேகலா வியாபாரத்துக்கென்று மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிற போன். வாங்கினவர்கள் கூப்பிட்டால் அவர்தான் எடுத்து, ஆகட்டும், இன்னைக்குப் போயிரும் என்று சொல்ல வேண்டும். ஒரு கையால் ஓரத்தைப் பிடித்தபடி மறு கையால் எடுத்தார். “திருச்சிலருந்து எழிலரசி பேசுறேன். எங்க படம் கிளம்பிருச்சுங்களா?” இளம் குரல், ஆனால் வேகம் அவளுடைய வேகம். அவர் தொண்டையைச் செருமினார். “இல்லம்மா. கட்டிக்கிட்டு இருக்கு.” “நல்லவேளைங்க. குழாய்னு எழுதிட்டேன், இப்ப எங்க அப்பா கத்திக்கிட்டு இருக்காங்க.” பின்னாலிருந்து கரகரவென்று ஒரு கிழக்குரல் வந்தது. “வார்னிஷ் படம் அது! சுருட்டுனா செத்துரும்னு சொல்லு! நான் போட்ட படம், எனக்குத் தெரியாதா?” தனுஷ்கோடிதான். அந்தக் குரலுக்கும் வயசாகியிருந்தது. அதைக் கேட்டதும் வந்திருக்க வேண்டிய கோபம் ஏனோ வழியிலேயே நின்று யோசித்தது. “உங்களுக்கு எல்லாமே தெரியும், செலவு மட்டும் தெரியாது” என்று இன்னொரு குரல் அதட்டியது. போன் கை மாறுகிற சரசரப்பு. “ஹலோ, அண்ணாச்சி, நீங்க அவரு சொல்றத எடுத்துக்காதீங்க. சுருட்டியே அனுப்புங்க. விரிசல் விழுந்தா விழுந்துட்டுப் போகுது. அதுல இருக்கறது என் மூஞ்சிதான். இப்ப வந்து பாருங்க, அசலே விரிசலாத்தான் கெடக்கு. படம் மட்டும் வழுவழுன்னு இருந்து என்ன செய்ய?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். செல்லக்கனி. அடுப்படியிலிருந்து கேட்ட அதே சிரிப்பு. எந்த முகத்தில் விரிசல் விழட்டும் என்று அவர் காலையிலிருந்து காத்திருந்தாரோ, அந்த முகத்தை அவள் போகிற போக்கில் தூக்கிப் போட்டுவிட்டாள். வெட்ட ஓங்கினவன் எதிரே ஆளைக் காணாத மாதிரி இருந்தது அவருக்கு. “ஆனா அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. இடது பக்க ஓரத்துல, மரத்துக்குப் பின்னாடி ஒரு வேடன் நிப்பான். இருட்டா இருக்கும், பாத்தவுடனே தெரியாது. அவன்மேல மட்டும் மடிப்பு விழாம பாத்துக்கோங்க.” “ஏன்?” என்றார். அவருக்கே தன் குரல் வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. “அது எங்க அண்ணன். வள்ளிக்கு அண்ணன்மாரு வேடனுங்கதான, அதனால அவரையே வேடனாப் போட்டு வச்சிட்டாரு இந்த மனுசன். எனக்கே கல்யாணத்துக்கப்புறந்தான் சொன்னாரு. எங்க அண்ணன் போட்டோ வேற ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. எம் புள்ளைங்க பாத்ததே இல்ல. இந்த ஒண்ணு இருக்குன்னுதான் தேடிக்கிட்டே கெடந்தோம்.”

அவர் காதில் போன், கையில் தாள். அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து அடங்கியது. “அண்ணாச்சி? இருக்கீங்களா? பேசுறது யாரு?” சோலையப்பன் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அது எழுந்த வேகத்திலேயே, காதுகுத்துக்கு ஆள் அனுப்பியும் போகாதவன் பெயர் அது என்று மனசு அதைப் பிடித்து உட்கார வைத்தது. “பேக்கிங்” என்றார். ஒரே வார்த்தை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, அலமாரித் தாள்களின் மூச்சு மாதிரி. தெரிந்துகொண்டாளோ? ஒரே வார்த்தையில் ஒரு மனுஷனைத் தெரியுமா? தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போகும்போது அவர் தினமும் சொன்னதும் ஒரே வார்த்தைதானே, “வச்சிட்டுப் போ” என்பதை விழுங்கி “வச்சு” என்று. தெரிந்திருந்தால் கத்துவாள். அழுவாள். போனை அவனிடம் கொடுப்பாள், அவன் மச்சான் என்பான். ஐயோ, அது மட்டும் வேண்டாம். போனை வைத்துவிடலாம் என்று கட்டைவிரல் பொத்தானைத் தேடியது, கிடைக்கவில்லை. அவள் குரல் வந்தது, இந்தத் தரம் மெதுவாக. “சாப்டாச்சா?” பேக்கிங்காரனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. “ஆச்சு.” “வீட்டுச் சாப்பாடா?” “மெஸ்.” “மெஸ்ஸா” என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்பது அந்த ஒரு சொல்லில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் மனைவி இறந்த சேதி அவளுக்கு எட்டியதோ என்னவோ. கொஞ்சம் பொறுத்து, “சரி, நீங்க எப்படிச் செஞ்சாலும் சரி. பத்திரமாத்தான் இருக்கும்” என்று சொன்னாள். “பாத்து அனுப்புங்க.” போன் நின்றது.

ரொம்ப நேரம் கழித்துத்தான் இடது கை இன்னும் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. மெதுவாக, தூங்குகிற பிள்ளையின் தலையைத் தலையணையில் இறக்குகிற மாதிரி, இறக்கினார். வெண்ணெய்த்தாளை விலக்கினார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் வார்னிஷ் பளபளத்தது, தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க முடிந்தது. மரம். மரத்துக்குப் பின்னால் கருப்பாக ஒன்று. கிளை என்று நினைத்தது வில். வில்லைப் பிடித்திருப்பது கை. கைக்கு மேலே, இலைகளுக்கு நடுவே, ஒரு பையன். ஆமாம், பையன்தான். அவ்வளவு சின்ன வயசா அப்போது? பூனைமுடி மாதிரி மீசை. நாட்டில் யாருக்கும் இல்லாத, கொஞ்சம் வெளியே தள்ளிய அந்தக் காது. சலூன் கண்ணாடியில் பார்த்தபோதும் இவன் இருந்திருக்கிறான். டீக்கடையில், ரேஷன் கடையில், அவள் தொங்கிய இடத்தில் எல்லாம் இவனும் தொங்கியிருக்கிறான். வீட்டில் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியபோது இவனையும் சேர்த்துத்தான் திருப்பி மாட்டியிருக்கிறார். அவள் முகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து, ஒரு தரம்கூடக் கண் இடது பக்கம் போகவில்லை. என்னையும் கேட்கவில்லை இவன் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. தங்கச்சியையும் கேட்காமல் எடுத்தான், என்னையும் கேட்காமல் எடுத்தான், திருட்டுப்பயல், பீடி வேறு வாங்கிக் குடித்தான். அந்த எரிச்சலோடுதான் உற்றுப் பார்த்தார். வில் இறங்கியிருந்தது. வேடன் முருகன்மேல் குறி வைக்கவில்லை, முருகனைப் பார்க்கவே இல்லை. தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான். போகிறாளே, அவ்வளவு தூரம் தனியாகப் போகிறாளே, திரும்பி வருவாளா என்று. போர்வைக்குள்ளிருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டீ கிளாசோடு வாசலில் நின்றவனுக்கு எப்படித் தெரிந்தது? இப்படி ஒரு பார்வையைப் பார்த்தவனைத்தான் இத்தனை வருஷம்... அந்த நினைப்பு அதற்கு மேல் போக மறுத்தது, வளைகிற தாள் மாதிரி எதிர்த்தது. அவரும் அதை வளைக்கவில்லை. அப்படியே தட்டையாகக் கிடக்கட்டும் என்று விட்டார்.

காகிதம் வந்து இறங்கும் பெரிய பெட்டிகளின் அட்டையை மூலையில் சேர்த்து வைத்திருப்பார். அதில் இரண்டை எடுத்து, படத்தைவிட இரண்டு விரல் மட்டும் கூடுதலாக இருக்கிற மாதிரி அளந்து அறுத்தார். அதற்கு மேல் ஒரு நூல் கூடினாலும் வண்டிக்காரன் இடத்துக்குக் காசு கேட்பான். ஒரு அட்டையின் நெளிவு நெடுக்காக, மற்றதன் நெளிவு குறுக்காக. அப்போதுதான் எந்தப் பக்கம் அழுத்தினாலும் வளையாது. தாளை மடித்து நாலு சின்னப் பைகள் செய்து படத்தின் நாலு முனைகளையும் அவற்றுக்குள் செருகினார். பைகளை மட்டும் அட்டையில் ஒட்டினார், படத்தில் பசை படவில்லை. எத்தனையோ வருஷத்துச் சீரை, ஒரு அட்டைச் செலவில் கழிக்கப் பார்க்கிறாயாடா என்று மனசு நக்கலடித்தது. ஆமாம், என்ன இப்போ, என்று பதில் சொல்லிக்கொண்டே வேலையைப் பார்த்தார். தூறலுக்காக மேலே பிளாஸ்டிக் உறை. மேகலா சாப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணாச்சி, குழாய்னுல்ல சொன்னேன்?” “வார்னிஷ் படம் பாப்பா.” “அச்சச்சோ, ஆமால்ல. நான் பாக்கவே இல்ல.” நாக்கைக் கடித்தாள். “கூடுதல் செலவ அவங்ககிட்ட கேக்கணுமே.” “கேக்காத. என் கூலில பிடிச்சிக்க.” அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் கீழே போனாள். கரண்ட் வந்தது. முதலில் ரயில் ரோட்டுப் பக்கம், பிறகு எதிர்வரிசை, பிறகு பக்கத்துக் கட்டடம் என்று ஊர் மறுபடி தடதடக்கத் தொடங்கியது.

பார்சல் வண்டிக்காரன் செய்யது படியேறி வந்து ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டான். தட்டை உறையைத் தூக்கி நீள அகலம் பார்த்தான், தாளில் எழுதியிருந்ததோடு ஒத்துப் பார்த்தான். “திருச்சி. குழாய்னு போட்டிருக்கு, நீங்க பலகை குடுக்கீங்க. மத்த சாமியெல்லாம் சுருண்டுதான போகுது அண்ணாச்சி, இந்தச் சாமிக்கு மட்டும் என்ன, படுத்த மேனிக்கே பயணமா?”

சோலையப்பன் அவன் கையிலிருந்த உறையைத் திருப்பி, முகம் மேலே பார்க்கிற பக்கத்தைக் காட்டினார்.

“இப்படியே வை. மேல எதையும் ஏத்தாத.”

“சாமி படந்தான?”

“இல்லப்பா” என்றார். “எங்க குடும்பப் போட்டோ.”